நடுச்சுவருக்கு ஒரு புலி

அத்தியாயம் 14

போன மாதம் வரை ஈப்போவின் சிலிபினில் உடையப்பன் வீட்டு ஹால் ரோஸ் நிறம். சாதாரண ரோஸ் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு டிரம் நிறைய ரோஜாப் பாலை, சிராப் பண்டுங்கை, கலக்கிச் சுவரில் வீசியடித்த ரோஸ். மதிய வெயிலில் வாசல் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுப் பூனை கண்ணை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிப் படுக்கும்.

இப்போது அது களிமண் நிறம்.

காரணம் மருமகள் தக்ஷாயினி. கல்லூரியில் பாடம் சொல்பவள். கல்யாணமாகி வந்த எட்டே மாதத்தில் ஹாலை மண்ணாக்கிவிட்டாள். இடது சுவரில் பழுப்பு யானைக் கூட்டம். வலது சுவரில் துரு நிறத்தில் ஒரு மான், மணல் நிறத்தில் இரண்டு இருவாட்சிப் பறவைகள். நாற்காலி மெத்தைக்குக்கூடக் காய்ந்த இலையின் நிறம். பிளாஸ்டிக் ரோஜாத் தோரணமும், நாலு வருடத்துக் காலண்டர்களும், மணிக்கு ஒரு தடவை கூவும் கடிகாரக் கிளியும் வெளியேற்றப்பட்ட அன்று உடையப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் இரண்டு பிரசவம் முன்கூட்டியே நடந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

"யானைக்கும் சேறு, மானுக்கும் சேறு, சுவத்துக்கும் சேறு. இந்தச் சேத்தைக் கால்ல இருந்து கழுவத்தான்டா நான் தோட்டத்தை விட்டு வந்தேன்," என்று மகன் தேவனிடம் கத்தினார்.

ஆனாலும் அறுபத்தாறு வயது உடையப்பன் கடைசியில் வளைந்து கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. வாசலைத் திறந்ததும் கண்ணில் படும் நடுச்சுவர் அவருடைய புலிக்கு.

அந்தப் புலியை அறியாதவர் ஈப்போவில் கிடையாது. 1981. பத்து காஜா பக்கம் டன்மோர் ரப்பர் தோட்டம். விடிந்தும் விடியாத நேரம். பால்மரம் சீவிக்கொண்டிருந்த இளைஞன் உடையப்பன் மேல் புலி பாய்ந்தது. பக்கத்து நிரையில் நின்ற புது மனைவி மங்களம் மயங்கி விழுந்தாள். உடையப்பன் பால் வெட்டும் கத்தியோடு நேருக்கு நேர் நின்று புலியை விரட்டினார். பிறகு மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தார். ஆதாரம், இடது தோளில் நான்கு நகக் கீறல். சாட்சியும் உண்டு, கூடப் பால் வெட்டியவன்.

"சின்னையாவைக் கேட்டுப் பாருங்க. அவன் கண்ணால பாத்தவன்."

நாற்பத்து மூன்று வருடத்தில் ஒருவர்கூடச் சின்னையாவைப் போய்க் கேட்டதில்லை. அதனால் புலி நிம்மதியாக வளர்ந்தது. 1981இல் அது நாய் அளவு. தேவன் பிறந்தபோது கன்றுக்குட்டி. தேவனின் நிச்சயதார்த்தத்தில், அவன் தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையில் செய்யும் கார் அளவுக்குப் பெருத்து, ஹெட்லைட் மாதிரி இரண்டு கண்களும் வாங்கியிருந்தது.

அன்று சம்பந்தி சிவானந்தன் மட்டும்தான் புருவத்தைத் தூக்கினார். "அந்தப் பக்கத்திலே அந்த வருசம் புலி இருந்ததோ? நான் கேள்விப்படேல்லை," என்றார். சிலோன் தமிழர், ரயில்வே அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். எல்லாவற்றுக்கும் தேதி கேட்பார்.

அந்தப் புருவத்துக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லிவிடுவதாக உடையப்பன் முடிவு செய்திருந்தார். சிவானந்தனும் அவர் மனைவி புனிதவதியும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே புலி சுவரேற வேண்டும்.

*

காலை ஒன்பது மணிக்கு மங்களம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவினாள் என்பது மரியாதைச் சொல். தேங்காயைத் தண்டித்துக்கொண்டிருந்தாள்.

உடையப்பன் புது பாத்திக் சட்டையில் வந்து நின்றார்.

"மங்களம், இங்க பாரு. சம்பந்தி வந்ததும் நான் கதையச் சொல்லுவேன். புலி பாயுற எடம் வரும். அதுக்கு அடுத்தது நீ மயங்கி விழுற எடம். அப்ப நீ அடுப்படியில நிக்கக் கூடாது. வெளிய வந்து அந்தக் கதவோரமா நில்லு. எல்லாரும் உன்னைப் பாப்பாங்க. லேசா தலையக் குனிஞ்சுக்க. அது போதும்."

துருவல் நின்றது.

"எதுக்கு?"

"எதுக்கா? கதைக்கு ஒரு ஆள் வேணாமா?"

"மீன் அடுப்புல இருக்கும்."

"மீன் எங்க ஓடப் போவுது. செத்த மீன்தான."

மங்களம் மறுபடியும் துருவ ஆரம்பித்தாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று காது கொடுத்தார்கள்.

"பயந்தவள்னு சொன்னா உனக்கு ஏன் மூஞ்சி அப்பிடிப் போவுது? பொம்பளன்னா பயப்படத்தான் செய்வா லா. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே."

மங்களம் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் திறந்து மூடிய கணக்கை யாராவது எடுத்திருந்தால், கிந்தா ஆற்றில் மீன்கள் வெட்கப்பட்டிருக்கும்.

*

ஹாலில் படம் சுவரோரம் சாய்ந்து நின்றது. கதவு உயரம். பழுப்புக் காகிதம் சுற்றி, சிவப்பு ராஃபியா கயிறு கட்டியிருந்தது. சனிக்கிழமை மாலையே பத்து காஜாவிலிருந்து வேனில் வந்துவிட்டது. "யாரும் பிரிக்கக் கூடாது. மாமாதான் பிரிக்கணும்," என்று தக்ஷாயினி ராத்திரியே கட்டளை போட்டிருந்தாள்.

இந்தப் படத்துக்காக அவள் ஆறு வாரம் அலைந்தாள். தன்னுடைய மண் நிறச் சுவரில் ஆரஞ்சு நிறப் புலி வந்து உட்கார்ந்தால் அத்தனை வேலையும் பாழ். தேடித் தேடிக் கடைசியில் பிடித்த ஓவியர் தனேஸ்வரன். கடைச் சாயத்தைக் கையால் தொட மாட்டார். தோட்டத்துச் செம்மண், பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் வெள்ளை மணல், அடுப்புக்கரி, இவற்றைக் குழைத்துத்தான் வரைவார். அதைவிட இனிப்பான செய்தி, அவர் சின்னையாவின் மகன். மாமாவின் சாட்சி இருக்கிறாரே, அதே சின்னையா.

தக்ஷாயினி துள்ளினாள். "உங்க அப்பாவையே கேட்டு, நடந்தது நடந்த மாதிரியே வரைங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சுவரில் துளை போட டிரில்லைத் தயார் செய்துகொண்டே தேவன் கேட்டான். "தனேஸ் அண்ணன் உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்னு சொன்னாரே. கேட்டியா?"

"மூணு நிமிசத்துக்கு மேல. 'அக்கா, அப்பாவைக் கேட்டேன்' எண்டு தொடங்கினார். சரி, நல்லது எண்டு கட்டை விரலைத் தூக்கி அனுப்பிட்டேன்."

"முழுசாக் கேக்காமயா?"

"பரீட்சைத் தாள் திருத்திட்டு இருந்தேன் தேவன். அவருக்குத் தெரியாததா."

தேவன் டிரில்லை ஒரு தடவை சுழற்றிப் பார்த்தான். அதன் சத்தத்தில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அடங்காமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் இன்று மீன் கறியாவது ஒழுங்காக வெந்திருக்கும்.

*

சம்பந்திகள் சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கு வந்துவிட்ட சிவானந்தன், ஒரு நிமிடம் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

புனிதவதி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "வடிவாய் இருக்கு மகள். கண்ணுக்குக் குளிர்ச்சி."

"மண்ணு குளிரத்தான செய்யும்," என்றார் உடையப்பன். "உக்காருங்க சம்பந்தி. புந்தோங் கச்சாம் பூத்தே, எடுத்துக்குங்க. இன்னிக்கு உங்களுக்கு ஒரு காட்சி இருக்கு."

சிவானந்தன் ஒரே ஒரு கடலையை எடுத்துக்கொண்டார்.

உடையப்பன் தொடங்கினார். இன்று புலி இதுவரை காணாத பருமனில் இருந்தது. அதன் மூச்சுக் காற்றில் ரப்பர் மரத்து இலை உதிர்ந்தது. வாலைச் சுழற்றியபோது பால் பிடிக்கும் மங்குகள் பத்து நிரை தூரத்துக்குப் பறந்தன. காலைப் பெரட்டுக்கு ஆள் சேர்த்துப் பேர் எழுதிக்கொண்டிருந்த கிராணி, அரை மைல் தள்ளி, உறுமல் கேட்டே மயங்கிவிட்டார்.

"அது பாயுது சம்பந்தி. நான் ஒதுங்கல. நேரா நிக்குறேன். இந்தத் தோள்ல ஒரு அறை. இங்க, நாலு நகம். பக்கத்துல மங்களம், பாவம், அப்பிடியே மயங்கி..."

அடுப்படிக் கதவைப் பார்த்தார். கதவோரம் காலியாக இருந்தது. உள்ளே பாத்திரம் ஒன்று நங்கென்று விழுந்தது.

"பயத்துல வர மாட்டேங்குறா," என்று சிரித்தார். "இப்பவும் அந்த நெனப்பு வந்தா கை நடுங்கும் அவளுக்கு. போகட்டும். தேவா, கத்திரிக்கோல்."

ராஃபியா அறுந்தது. காகிதத்தைத் தமது இரண்டு கைகளாலும் மேலிருந்து கீழாகக் கிழித்தார்.

புலி இல்லை.

படத்தின் கீழ் ஓரம் முழுக்க ஓடை. அதன் கரையில், படத்தின் நடுவில், கொழுத்த மிருகம் ஒன்று நின்றது. முன்பக்கம் கரி. முதுகும் பின்பக்கமும் ஈயக் குட்டை மணலின் வெள்ளை, வெளிச்சத்தில் மினுங்கியது. மூக்கு, யானை ஆகலாமா வேண்டாமா என்று யோசித்துப் பாதியில் விட்டது போல் தொங்கியது. அதன் வயிற்றோரம் ஒரு குட்டி ஒட்டி நின்றது.

மிருகத்துக்கு எதிரே ஒரு பெண். ஆண்பிள்ளைச் சட்டை, தலைத்துணி, தூக்கிச் செருகிய கைலி. வாளிகள் கவிழ்ந்து, பால் செம்மண்ணில் வெள்ளையாக ஓடியது. அந்த வாளிகளைச் சுமந்து வந்த காண்டாக் கம்பை அவள் இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கியிருந்தாள். முகம் மங்களத்தின் முகம். இருபது வயது மங்களம்.

வலது மூலையில் ஒரு பலாமரம். இரண்டு பலாப்பழங்களுக்கு நடுவில் இரண்டு கால்கள் தொங்கின. ஒரு காலில் ஜப்பான் சிலிப்பர். இன்னொரு சிலிப்பர் மரத்துக்கும் தரைக்கும் நடுவில், விழுந்துகொண்டே இருந்தது.

புனிதவதிதான் முதலில் பேசினாள். "சுவருக்கு நல்லாப் பொருந்துது."

சிவானந்தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "இது தெனுக் அல்லோ, இங்கிலீசிலே டேப்பிர்," என்றார். பிறகு மிகவும் மெதுவாக, "புலி எங்கே உடையப்பன்?"

உடையப்பன் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். புலி அந்தப் பக்கம் போயிருக்கலாம் என்று ஒரு நிமிடம் அவர் நம்பினார் போலிருக்கிறது.

பிறகு வெடித்தார்.

அந்தச் சத்தம் மெங்லெம்பு வரை போய், அங்கே சுண்ணாம்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோதும் அதில் காரம் குறையவில்லை.

"யாரு செஞ்ச வேலை இது? யாரு? என் வீட்டுல, என் சுவத்துல, பன்னிய மாட்டி வச்சு ஊரையே என்னைப் பாத்துச் சிரிக்க வைக்கப் பாக்குறீங்களா? தாச்சாயினி, வேணும்னேதான செஞ்சே? உங்க ஆளுங்களுக்குத் தோட்டத்து ஆளுன்னா எளக்காரம். முன்னாடியே தெரியும் எனக்கு."

"வார்த்தையைப் பார்த்துக் கதையுங்கோ," என்று சிவானந்தன் எழுந்தார். கையிலிருந்த ஒற்றைக் கடலை உருண்டு போனது.

"நீங்க உக்காருங்க. உங்க புருவந்தான் இதுக்கெல்லாம் ஆரம்பம்."

"என் புருவமோ?"

"அப்பா, அவ என்ன செஞ்சா? விடுங்கப்பா," என்றான் தேவன்.

"நீ பேசாத. ஸ்குரு முடுக்கற வேலையப் பாரு."

தக்ஷாயினியின் முகம் சிவந்து, அவள் பூசிய சுவரைவிட இரண்டு படி ஆழமாகப் போயிருந்தது. "உங்களைப் பெருமைப்படுத்தத்தான் மாமா ஆறு வாரம் அலைஞ்சேன். என்ன பிழை நடந்தது எண்டு எனக்கும் தெரியாது. இருங்க, அவர் அனுப்பினதை எல்லாரும் கேளுங்க. எனக்கு ஒளிக்க ஒண்டும் இல்லை."

போனை எடுத்தாள். ஒலியை முழுக்க ஏற்றினாள். அழுத்தினாள்.

"அக்கா, அப்பாவைக் கேட்டேன்," என்றது தனேஸ்வரனின் குரல். "எந்தப் புலின்னு கேக்குறாருக்கா. இருங்க, அவரே பேசுறாராம்."

இருமல். பிறகு சின்னையா.

"தாயி, அது புலி இல்ல. தெனுக். குட்டியோட தண்ணி குடிக்க வந்துச்சு. ஒடையப்பன் பாத்தான், வேலியோரத்துப் பலாமரத்துல ஏறிட்டான். அம்புட்டு வேகமா ஒரு மனுசன் மரமேறி நான் பாத்ததில்ல. குட்டி இருக்குல்ல, தாய் சும்மா விடுமா, முட்ட வந்துச்சு. மங்களந்தான் காண்டாக் கம்பை எடுத்துக்கிட்டு நின்னுச்சு. ஒரு அடி பின்னால வைக்கல. வெரட்டி விட்டுட்டு மரத்துக்குக் கீழ வந்து, போயிருச்சு எறங்குங்க, போயிருச்சு எறங்குங்கன்னு அரை மணி நேரம் கூப்புட்டுச்சு. எறங்குறேன்னு முள்கம்பி வேலியில விழுந்தான், தோளு கிழிஞ்சு போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு ஒரு சேவல் கொண்டாந்து குடுத்து, வெளிய சொல்லிறாதடான்னான். சேவலைத் தின்னேன், வாய மூடிக்கிட்டேன். இப்ப எனக்கு எழுபது ஆவுது. என் மவன் பொய்யா ஒரு படம் வரையக் கூடாது தாயி."

போன் அடங்கியது.

"தெனுக் கடிச்சால் கை துண்டாய்ப் போயிடும்," என்று சிவானந்தன் தமக்குள் சொல்லிக்கொண்டார். "சாதுவான மிருகம் எண்டு நினைக்கினம். குட்டியோடை நிக்கிற நேரம் கிட்டப் போகேலாது."

எல்லார் கண்ணும் அடுப்படிப் பக்கம் திரும்பியது. கதவோரம், காலையில் உடையப்பன் காட்டிய அதே இடத்தில், மங்களம் நின்றுகொண்டிருந்தாள். அவர் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. தலை குனியவில்லை.

உடையப்பனுக்கு இன்னும் ஒரு கரை மிச்சம் இருந்தது. அதைப் பிடித்தார்.

"கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. சேவலாம். மங்களம், நீ சொல்லு. அங்க இருந்தவ நீ. என்னா நடந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லு."

மங்களம் கையை முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நான் மயங்கி விழல."

"மங்களம்."

"நாப்பத்து மூணு வருசமா என்னை விழ வச்சுக்கிட்டே இருக்கீங்க. கல்யாண வீட்டுல விழ வச்சீங்க. சாவு வீட்டுல விழ வச்சீங்க. தேவன் பள்ளிக்கூடத்துல அவன் வாத்தியாருகிட்டக்கூட விழ வச்சீங்க. புலி பெருசாவட்டும்னு விட்டேன். அது உங்க புலி, நல்லாத் தின்னு வளரட்டும். ஆனா ஆஸ்பத்திரி வேலைக்கு என்னைக் கூப்பிட்டப்ப என்னா சொன்னீங்க?"

உடையப்பன் சட்டைப் பித்தானைத் தடவினார்.

"மறந்து போச்சா? தேவனுக்கு மூணு வயசு. தோட்டத்துல ஆளைக் குறைச்சுட்டாங்க. வார்டுல அட்டெண்டர் வேலை. பெரிய நர்ஸு மிஸ்ஸி என்னை ரெண்டு தடவ பாத்துப் பேசி, சரி வான்னுட்டாங்க. நீங்க கூட வந்தீங்க. வந்து, 'மிஸ்ஸி, இவ ரத்தத்தைப் பாத்தா விழுந்துருவா, புலியப் பாத்தே விழுந்தவ'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அவங்களும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அடுத்த பொண்ணைக் கூப்பிட்டாங்க."

"அது ஒரு வெளையாட்டுக்கு..."

"உங்க தோள்ல ரத்தம் கொட்டினப்ப யாரு கட்டுனா? தலைத்துணியக் கிழிச்சு நான் கட்டுனேன். அந்த ரத்தத்துல என் கை முழங்கை வரைக்கும் நனைஞ்சுது. அப்ப விழாதவ, ஆஸ்பத்திரியில விழுந்துருவாளா?"

அவள் குரல் ஏறவேயில்லை. ஏறியிருந்தால் பரவாயில்லை என்று தேவனுக்குத் தோன்றியது. சின்ன வயதில் கரப்பான் பூச்சியைக் கண்டால்கூட 'அம்மா பயப்படுவாங்க' என்று ஓடிப் போய் அடித்தவன் அவன். சந்தைக்கு மோட்டாரில் தனியாகப் போகிறேன் என்று அம்மா கேட்டபோது, அப்பாவோடு சேர்ந்து சிரித்தவனும் அவன்தான்.

"ஏம்மா எங்கிட்டயாவது சொல்லல?" அவனுக்கும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"நீ கேட்டியா?"

தேவன் குனிந்து டிரில்லைக் கையில் எடுத்தான்.

"போதும்," என்று உடையப்பன் கர்ஜித்தார். மகன் கையிலிருந்த டிரில்லைப் பிடுங்கிக்கொண்டார். "இந்தப் படம் இந்தச் சுவத்துல ஏறுனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க. ஒண்ணு அது, இல்லாட்டி நான்."

மங்களம் உள்ளே போனாள். அழப் போகிறாள் என்றுதான் அங்கே அத்தனை பேரும் நினைத்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஒரு கையில் முக்காலி. மறு கையில் சுத்தியல். வாயில் ஒரு சிமெண்ட் ஆணி.

தக்ஷாயினி முன்னால் வந்தாள். "மாமி, நான் ஏறுறன்."

ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மங்களம் சொன்னாள். "தள்ளும்மா. நீ சுவத்துக்கு மண்ணு பூசிட்டே. மிச்சம் என் வேலை."

முக்காலியில் ஏறினாள். அது ஒரு பக்கம் ஆடியது. யாரும் கேட்காமலே புனிதவதி எழுந்து வந்து, பட்டுச் சேலையோடு தரையில் குந்தி, இரண்டு கையாலும் முக்காலிக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியுங்கோ," என்றாள்.

மூன்றே அடி. களிமண் நிறம் ஒரு காசு அளவு உதிர்ந்தது. உள்ளேயிருந்து பழைய ரோஸ் எட்டிப் பார்த்தது. தேவன் படத்தைத் தூக்கிக் கொடுத்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். படம் ஆணியில் உட்கார்ந்து அந்த ரோஸையும் மூடிவிட்டது.

உடையப்பன் டிரில்லைத் துப்பாக்கி போல் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தை எரித்துவிடுகிற மாதிரி முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று தலையை முன்னுக்கு நீட்டினார். பத்து வருடம் அந்தத் தோட்டத்தில் மரம் சீவிய கண். எந்த மரம் எந்தப் பக்கம், ஓடை எங்கே வளையும் என்று அதற்கு மறக்காது.

"நில்லு," என்றார். குரல் மாறியிருந்தது. "ஓடை முன்னால இருக்கு. பலாமரம் வலது பக்கம். அப்பன்னா இதைப் பாத்தவன் ஓடைக்கு அந்தாண்ட நின்னிருக்கான்."

"யாரப்பா?" என்றான் தேவன்.

"சின்னையா. வேற யாரு? அவன் நெரை இந்தப் பக்கம். சத்தம் கேட்டு ஓடி வந்தான்னுதான் இத்தனை வருசமா நெனச்சேன். ஓடி வந்தவன் பாத்தது இல்ல இது. என் சிலிப்பர் கீழ விழறதுக்கு முன்னாடியே அவன் அங்க நின்னு பாத்திருக்கான். அந்தாண்ட ஒரு பால்மரம் கெடையாது. நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால போற ஒத்தையடிப் பாதை மட்டுந்தான்." மனைவியின் முதுகைப் பார்த்துக் கேட்டார். "விடியாத நேரத்துல என் வீட்டுப் பின்னால அவனுக்கு என்னா வேலை?"

சிவானந்தன் மனைவியைப் பார்த்தார். புனிதவதி முக்காலியை விடவில்லை. தக்ஷாயினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, என்ன பேசுறீங்க நீங்க," என்று தேவன் ஒரு அடி முன்னால் வந்தான். இந்தத் தடவை அவன் கோபத்துக்கு விலாசம் கிடைத்துவிட்டது.

முக்காலியில் நின்ற மங்களம் திரும்பவில்லை.

"சொல்றேன். மொதல்ல படம் நேரா இருக்கான்னு பாருங்க."

"என்னா?"

"நேரா இருக்கா, இல்லியா?"

உடையப்பனின் கோபத்தில் அப்போது ஒரு தேநீர்க் கடையின் நாள் முழுத் தண்ணீரும் கொதித்திருக்கும். ஆனால் வீட்டில் இத்தனை வருடமாகக் காலண்டர் மாட்டினாலும், சாமி படம் மாட்டினாலும், தள்ளி நின்று கோணம் சொல்கிறவர் அவர். அவர் அனுமதியைக் கேட்காமல் கழுத்து தானாகச் சாய்ந்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"எடது பக்கம் எறங்கியிருக்கு," என்று உறுமினார்.

மங்களம் தூக்கினாள். "இப்ப?"

"இன்னும் ஒரு நூல்."

"இப்ப?"

"ம்."

நடுச்சுவரில் தெனுக் நேராக நின்றது. ஓங்கிய கம்போடு இருபது வயது மங்களமும் நேராக நின்றாள். தம் வாயாலேயே மாட்டி முடித்துவிட்டோம் என்பது உடையப்பனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

மங்களம் இறங்கினாள். சுத்தியலை மேசை மேல் கச்சாம் பூத்தே தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துக் கணவருக்கு முன்னால் போட்டாள்.

"உக்காருங்க. சின்னையா அண்ணன் அன்னிக்கு என்னைப் பாக்க வரல. உங்களைத் தேடிக்கிட்டு வந்தாரு. அதுக்கு முந்துன நாள் சாயங்காலம் நீங்க செஞ்சுட்டு வந்தீங்களே ஒரு வேலை, அதுக்காக வந்தாரு. ஞாபகம் வருதா? இல்ல, சம்பந்தி முன்னால நானே சொல்லட்டுமா?"

டிரில் உடையப்பனின் கையிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. நடுச்சுவரைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு, பலாமரத்தில் தொங்கிய அந்த இரண்டு கால்களும் இன்னும் ஒரு கிளை மேலே ஏறியிருந்தன.